காலையில் கை மட்டும்தான் வரவில்லை, சாயங்காலத்துக்குள் பேச்சும் எப்படிப் போனது?

நண்பர்களே, இந்த இழை கொஞ்சம் நீளம். டீயோ காப்பியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் அஞ்சரை மணி. சங்கரன்கோவில்ல என் கிளினிக் வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. 58 வயசு அம்மா. மார்க்கெட்டுக்குப் பூ கட்டிக் கொடுக்கிறவங்க. வலது கை, வலது கால் ரெண்டும் துவண்டு கிடக்கு. வாய் இடது பக்கமா இழுத்திருக்கு. பேச்சு இல்ல. கண்ணு மட்டும் நம்மளையே பாக்குது.

கூட வந்த மகன் விசைத்தறி ஓட்டுறவரு. அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன்.

"காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வாசத் தெளிச்சுக் கோலம் போட்டாங்க சார். நல்லாத்தான் இருந்தாங்க. ஆறரைக்கு காப்பி டம்ளரைப் பிடிக்க முடியல. கை மட்டும்தான். பேச்செல்லாம் நல்லா இருந்துச்சு. 'ராத்திரி கையை மடக்கிப் படுத்துட்டேன்ல, மரத்துப் போச்சு'ன்னு அவங்களேதான் சொன்னாங்க. தைலம் தேச்சோம். பத்து மணிக்குக் கால் பின்ன ஆரம்பிச்சுது. புறா ரத்தம் தேச்சா கேக்கும்னு மைனி சொல்லுச்சு, பக்கத்து ஊருக்குக் கூட்டிட்டுப் போனோம். மத்தியானம் பேச்சு குழறுச்சு. இப்ப சுத்தமா வரல."

மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு மாதிரி தெரியுதுன்னு சொல்லிட்டு 108-க்குப் போன் போட்டேன். வண்டி வர்ற வரைக்கும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"அடைப்பு வந்தது காலைலதானே சார்? அப்படின்னா அப்பவே எல்லாம் போயிருக்கணும்ல? ஏன் கொஞ்சம் கொஞ்சமாப் போகுது?"

இருபது வருசமா பக்கவாதம் வந்தவங்களைப் பாத்துக்கிட்டிருக்கேன். இவ்வளவு சரியான கேள்வியை அதிகம் பேர் கேட்டதில்ல. அன்னைக்கு வண்டி வந்துருச்சு, பதில் சொல்ல நேரம் இல்ல. அந்தப் பதில்தான் இது.

முதல்ல ஒரு கணக்கு. மூளையோட எடை நம்ம உடம்புல சுமார் 2 சதவீதம்தான். ஆனா நாம சுவாசிக்கிற ஆக்சிஜன்ல ஏறக்குறைய 20 சதவீதத்தை அது ஒண்ணே எடுத்துக்குது. அதோட சேமிப்புப் பழக்கமே கிடையாது. கல்லீரல் சர்க்கரையைச் சேத்து வைக்கும், தொப்பை கொழுப்பைச் சேத்து வைக்கும் (எனக்கும்தான்). மூளை அன்னாடங்காய்ச்சி. அந்தந்த நிமிஷத்துக்கு ரத்தம் கொண்டு வந்தாத்தான் அடுப்பு எரியும்.

அந்தச் சக்தியில பெரும் பகுதியை மூளை எதுக்குச் செலவு பண்ணுதுன்னு நினைக்கிறீங்க? யோசிக்கிறதுக்கா? இல்ல. தண்ணி இறைக்கிறதுக்கு. சரியாச் சொன்னா, உப்பு இறைக்கிறதுக்கு. ஒவ்வொரு நியூரானும் பள்ளத்துல கட்டின வீடு மாதிரி. வெளியிலிருந்து சோடியமும் கால்சியமும் உள்ளே வரத் துடிச்சுக்கிட்டே இருக்கும். ராத்திரி பகலா ஒரு மோட்டார் ஓடி அதை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கணும். கால்சியத்தை மட்டும் எடுத்துக்கிட்டா, செல்லுக்கு வெளியே இருக்கிற அளவு உள்ளே இருக்கிறதை விட சுமார் 10,000 மடங்கு. மோட்டார் நின்னா என்ன ஆகும்னு மழைக்காலத்துல பள்ளத்து வீட்டுல இருந்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

இப்ப கதையோட முக்கிய ஆள் வர்றாரு. பேரு குளூட்டமேட்.

ஒரு நியூரான் பக்கத்து நியூரானை "எந்திரி, வேலையைப் பாரு"ன்னு எழுப்பணும்னா, பெரும்பாலும் குளூட்டமேட்டைத்தான் ஒரு துளி தெளிக்கும். நீங்க இப்ப இதைப் படிக்கிறது, புரிஞ்சுக்கிறது, நாளைக்கு ஞாபகம் வச்சுக்கிறது எல்லாமே அதோட வேலை. வில்லன் கிடையாது. மூளையிலேயே ரொம்ப உழைக்கிற ரசாயனம்.

ஆனா ஒரு நிபந்தனை உண்டு. தெளிச்ச உடனே துடைச்சிரணும். ஆயிரத்துல ஒரு பங்கு வினாடிக் கணக்குல துடைச்சிரணும். அதுக்குன்னே ஆஸ்ட்ரோசைட்னு நட்சத்திர வடிவத்துல செல்கள் பக்கத்துலயே காத்துக்கிட்டு இருக்கு. குளூட்டமேட்டை உறிஞ்சி, குளூட்டமினா மாத்தித் திருப்பி நியூரானுக்கே கொடுத்துரும். செல்லுக்குள்ள இருக்கிற குளூட்டமேட் அளவு, வெளியில இருக்கிறதை விட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். இந்த வித்தியாசத்தைக் காப்பாத்தத்தான் மூளை படாத பாடு படுது. இந்தத் துடைக்கிற வேலைக்கும் அதே மோட்டார் ஓடணும்.

"டாக்டர், குளூட்டமேட்னா அஜினமோட்டோவா?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும், இப்பவே சொல்லிடுறேன். ஆமா, அதேதான். 1908-ல ஜப்பான்ல கிகுனே இகேடாங்கிற வேதியியலாளர் கடற்பாசி சூப்பிலிருந்து பிரிச்சு எடுத்தாரு. தக்காளியிலயும் இயற்கையாவே இருக்கு. சாப்பிடுறதுல பெரும்பகுதியைக் குடல் செல்களே எரிச்சுத் தீத்துரும். மிச்சம் ரத்தத்துக்கு வந்தாலும் மூளைக்குள்ள சும்மா நுழைய முடியாது, நடுவுல காவல் இருக்கு. அதனால இந்த இழையைப் படிச்சுட்டு ஃபிரைட் ரைஸ் கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. நான் பேசுறது மூளை தானே தயாரிச்சு வச்சிருக்கிற குளூட்டமேட்டைப் பத்தி.

சரி, காலைல ஆறரை மணிக்கு வருவோம். அந்த அம்மாவோட இடது பக்க மூளைக்குப் போற ஒரு குழாய்ல ரத்தக்கட்டி வந்து உக்காந்தது. அதுக்கு நேர் கீழே இருக்கிற பகுதிக்கு ரத்தம் சுத்தமா நின்னுபோச்சு. மோட்டார் நின்னுச்சு. சில நிமிஷங்கள்ல அந்தச் செல்கள் வீங்க ஆரம்பிக்குது. சாகிற செல் சும்மா சாகாது. தான் சேத்து வச்சிருந்த குளூட்டமேட் மொத்தத்தையும் வெளியே கொட்டிட்டுத்தான் சாகும். துடைக்க வேண்டிய ஆஸ்ட்ரோசைட்டுக்கும் கரண்ட் இல்ல. அது துடைக்கிறதை நிறுத்துறதோட போகல, உறிஞ்சி வச்சிருந்ததையே திருப்பிக் கொட்ட ஆரம்பிச்சிரும். உறிஞ்சுற குழாய் எதிர்ப்பக்கமா ஓடுற மாதிரி.

இப்ப பக்கத்து வீட்டுக்காரரைப் பாருங்க. அவருக்கு ரத்தம் முழுசா நிக்கல. சின்னச் சின்னக் கிளைக்குழாய் வழியா கொஞ்சம் வந்துக்கிட்டிருக்கு. வேலை செய்யத் தெம்பு இல்ல, ஆனா உயிர் இருக்கு. இந்தப் பகுதிக்கு மருத்துவத்துல பெனம்ப்ரான்னு பேரு. நிழல் விளிம்புன்னு வச்சுக்கலாம். அங்கே போய்ச் சேருது இந்தக் குளூட்டமேட் வெள்ளம்.

அந்த நியூரான் மேல என்.எம்.டி.ஏ.ன்னு ஒரு மதகு இருக்கு. சாதாரணமா மக்னீசியம் ஒரு கட்டை மாதிரி அதுல அடைச்சுக்கிட்டு இருக்கும். ஓயாம "எந்திரி எந்திரி"ன்னு தூண்டினா கட்டை தெறிச்சிரும், மதகு திறந்துரும், கால்சியம் உள்ளே பாயும். 10,000 மடங்கு வித்தியாசம்னு சொன்னேன்ல, அது அத்தனையும் உள்ளே வரப் பாக்குது.

கால்சியம் செல்லுக்குள்ள ஒரு உத்தரவு மாதிரி. கொஞ்சமா வந்தா 'இதை ஞாபகம் வை'ன்னு அர்த்தம். வெள்ளமா வந்தா எல்லா நொதிகளும் ஒரே நேரத்துல முழிச்சுக்கும். புரதத்தை வெட்டுறது ஒண்ணு, செல்லோட சுவரை அரிக்கிறது ஒண்ணு. சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை விழுங்கி விழுங்கி வெடிச்சிரும். அந்த நியூரான் ரத்தம் இல்லாம சாகல, அளவுக்கு மீறித் தூண்டப்பட்டே சாகுது. செத்ததும் அதோட குளூட்டமேட்டை அடுத்த வீட்டுக்குக் கொட்டும். இப்படியே வீடு வீடாப் பரவும்.

தம்பி, உங்க அம்மாவுக்குக் கை போய், கால் போய், பேச்சு போனதுக்கு இது ஒரு முக்கியமான காரணம். இது மட்டும்தான்னு சொல்ல மாட்டேன். கட்டி பெருசாகியிருக்கலாம், கிளைக்குழாய்ல வந்துக்கிட்டிருந்த ரத்தம் குறைஞ்சிருக்கலாம். ஆனா காலைல ஆறரைக்குச் செத்தது ஒரு சின்ன இடம்தான். மிச்சம் சாயங்காலம் வரைக்கும் சாகிறதா பிழைக்கிறதான்னு காத்துக்கிட்டு இருந்த இடம்.

பெரிய குழாய் அடைச்சா, அதைத் திறக்காம விட்ட ஒவ்வொரு நிமிஷமும் சராசரியா 19 லட்சம் நியூரான் சாகுதுன்னு 2006-ல ஜெஃப்ரி சேவர்ங்கிற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கணக்குப் போட்டாரு. மூளையில மொத்தம் 8,600 கோடி இருக்குன்னு ஆறுதல் பட்டுக்கலாம். ஆனா பேச்சுக்கான இடம் சின்னதுதானே.

குளூட்டமேட் மாதிரி வேஷம் போட்ட பொருள் நரம்பை அழிக்கும்ங்கிறதுக்கு நம்ம நாட்டுலயே ஒரு சாட்சி இருக்கு. கேசரிப் பருப்பு. பாக்குறதுக்குத் துவரம் பருப்பு மாதிரியே இருக்கும். மத்தியப் பிரதேசம், பீகார் பக்கம் மழை இல்லாத வருசத்துல எல்லாப் பயிரும் காஞ்சு இது மட்டும் விளையும். மாசக்கணக்குல அதையே தின்ன ஏழைகளுக்கு ரெண்டு காலும் விறைச்சு, கம்பு ஊன்றி நடக்கிற நிலைமை வந்துச்சு. 1961-ல விற்பனைக்குத் தடை. அதுல இருக்கிற நச்சை 1960-களோட ஆரம்பத்துல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல ராவ், அடிகா, சர்மாங்கிற மூணு பேர் பிரிச்சுக் காட்டினாங்க. அது குளூட்டமேட்டுக்கு ரொம்ப நெருங்கின உருவம் கொண்ட ஒரு அமினோ அமிலம். நரம்பு செல் ஏமாந்து கதவைத் திறந்துருது. குளூட்டமேட்டையே எலிக்குட்டிகளுக்கு அதிக அளவு ஊசியாப் போட்டு நியூரான் சாகிறதை ஜான் ஓல்னி காட்டினது 1969-ல.

இப்ப எனக்குச் சொல்லக் கஷ்டமான ஒரு விஷயத்துக்கு வர்றேன்.

2007. நான் சென்னையில பயிற்சி மருத்துவர். காலைல ஏழேகாலுக்கு ஊரிலிருந்து அம்மா போன். "அப்பாவுக்கு வலது கை வரலப்பா. தூக்கிப் போட்டா விழுது." பேச்சு வருதான்னு கேட்டேன். வருது. பக்கத்துத் தெருவுல இருந்த கம்பவுண்டர் அண்ணாச்சி வந்து பி.பி. பாத்தாரு. 190-க்கு 110.

நான் டாக்டர். எனக்கு எல்லாம் தெரியும். பி.பி. கூடுனதாலதான் இப்படி, உடனே இறக்கணும்னு முடிவு பண்ணேன். அந்தக் காலத்துல எல்லாரும் செய்யுறதுதான்: நிஃபிடிபின் குளிகையில ஊசியால ஓட்டை போட்டு நாக்குக்கு அடியில சொட்டு விடச் சொன்னேன். அரை மணி நேரத்துல 120-க்கு வந்துருச்சு. "வந்துருச்சுப்பா"ன்னு அண்ணாச்சி சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள பெருமை. கொஞ்சம் படுத்துத் தூங்கட்டும், நான் சாயங்காலம் பஸ் ஏறுறேன்னு சொன்னேன்.

ஒன்பது மணிக்கு அப்பாவுக்குப் பேச்சு போயிருச்சு.

மேலே சொன்ன நிழல் விளிம்பை மறுபடியும் நினைச்சுப் பாருங்க. முக்கியக் குழாய் அடைச்சிருக்கு. கிளைக்குழாய்ல கொஞ்சம் ரத்தம் ஊறிக்கிட்டிருக்கு. அந்த ரத்தத்தை உள்ளே தள்ளுறது எது? பி.பி.தான். அப்பாவோட உடம்பு அந்தச் செல்களைக் காப்பாத்தத்தான் 190-க்கு அழுத்திக்கிட்டு இருந்துச்சு. நான் சென்னையிலிருந்து போன்ல அதைத் தட்டிவிட்டேன். இன்னைக்கு அடைப்பு வகைப் பக்கவாதத்துல, கரைக்கிற ஊசி போடப் போறதில்லன்னா 220-க்கு 120 வரைக்கும் பெரும்பாலும் இறக்காம விடுறோம். ஊசி போடணும்னா 185-க்கு 110-க்குக் கீழே கொண்டு வருவோம், அதுவும் கண்காணிப்போட. ரத்தக்கசிவா இருந்தா கணக்கே வேற. எதுன்னு சி.டி. ஸ்கேன் எடுக்காம யாராலயும் சொல்ல முடியாது, எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும். (தினமும் போடுற பி.பி. மாத்திரையை இதைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க. பக்கவாதம் வராம இருக்கிறதே அதாலதான்.)

நான் அந்தக் குளிகையைச் சொல்லாம இருந்திருந்தா அப்பா பேசியிருப்பாரான்னு கேட்டா, தெரியாது. அடைப்பு பெருசு. கரைக்கிற ஊசி அன்னைக்கு எங்க ஊர்ப் பக்கம் நினைச்சவுடனே கிடைக்கிற பொருளும் இல்ல. ஆனா தூங்கட்டும்னு நான் சொன்ன அந்த நேரம் இருக்கே, அதுக்கு எந்தச் சமாதானமும் இல்ல.

அதுக்கப்புறம் 11 வருசம் இருந்தாரு. "சரி"ங்கிற ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். கோபத்துக்கும் சரி, பசிக்கும் சரி, பேரப்புள்ளையைக் கொஞ்சுறதுக்கும் சரி. தறிக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு. பாவுல இழை அறுந்தா எங்க எல்லாருக்கும் முன்னாடி அவருக்குத் தெரிஞ்சிரும், இடது கையைத் தூக்கிக் காட்டுவாரு. முடிச்சுப் போடுறது மட்டும் வேற யாராவது செய்யணும்.

தலைக்காயத்துக்கு வர்றேன், ஏன்னா ராஜபாளையம் ரோட்டுல விழுகிற பசங்க கதையும் இதேதான். ஹெல்மெட் இல்லாம தலை தரையில மோதினா, மூளை கபாலத்துக்குள்ள குலுங்கி நரம்பு இழைகள் இழுபடுது. இங்கே ரத்தக்குழாய் அடைக்கணும்னு கூட அவசியம் இல்ல. இழுபட்ட செல் அந்த நொடியே குளூட்டமேட்டைக் கொட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுல மூளைக்குள்ள மெல்லிய குழாய் வச்சு அளந்து பாத்திருக்காங்க, அளவு ஏறிக் கிடக்கும். மோதினது ஒரு நொடி. அதுக்கப்புறம் நடக்கிற சேதம் மணிக்கணக்குல, நாள் கணக்குல.

இந்த நேரத்துல ஆக்சிஜன் குறைஞ்சாலோ பி.பி. விழுந்தாலோ கதை முடிஞ்சுது. கடுமையான தலைக்காயத்துல மேல் பி.பி. ஒரே ஒரு தடவை 90-க்குக் கீழே போனாக்கூட இறப்பு ஏறக்குறைய இரு மடங்கு ஆகுதுன்னு 1993-லயே அமெரிக்காவுல கண்டுபிடிச்சுட்டாங்க. அதனாலதான் 108-ல வர்ற தம்பிங்க முதல்ல ஆக்சிஜனையும் சலைனையும் பாக்குறாங்க. "ஊசி எதுவும் போடல, சும்மா பாட்டில்தான் மாட்டுனாங்க"ன்னு அவங்களைத் திட்டாதீங்க, அந்தப் பாட்டில்தான் அந்த நேரத்து மருந்து. விழுந்தவரை ரெண்டு கையையும் காலையும் பிடிச்சு மடக்கித் தூக்கி ஆட்டோவுல திணிக்கிறது, உக்கார வச்சுத் தண்ணி புகட்டுறது ரெண்டும் வேண்டாம்.

"விழுந்தப்ப நல்லாத்தான் பேசுனான், டீ கூடக் குடிச்சான், ரெண்டு மணி நேரத்துல மயங்கிட்டான்"னு சொன்னா அது பெரும்பாலும் உள்ளே ரத்தம் கட்டுறது. அதுக்கு ஆபரேஷன் இருக்கு, நேரத்துக்குப் போனா எந்திரிச்சு நடந்து வருவான். செலவுக்குப் பயந்து வீட்டுல வச்சுப் பாக்காதீங்க. 2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு தொடங்கின 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்துல, சாலை விபத்துன்னா முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். திட்டத்துல சேந்த தனியார் மருத்துவமனையிலயும்தான். காப்பீட்டு அட்டை இல்லன்னாலும்.

இப்ப நீங்க கேக்க வேண்டிய கேள்வி: "குளூட்டமேட்தான் எதிரின்னு தெரிஞ்சுபோச்சு, மதகு எதுன்னும் தெரியும். அதை அடைக்க ஒரு மருந்து போட வேண்டியதுதானே?"

போட்டுப் பாத்தாங்க. எலியில பிரமாதமா வேலை செஞ்சுது. மனுசனுக்குப் போட்டா ஒண்ணும் நடக்கல. செல்ஃபோடெல்னு ஒரு மருந்தோட சோதனையை, மருந்து போட்டவங்க பக்கம் இறப்பு கூடுற மாதிரி தெரிஞ்சதால பாதியிலேயே நிறுத்திட்டாங்க. மக்னீசியம்தான் இயற்கையான அடைப்புக்கட்டைன்னு சொன்னேன்ல? நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல கூட கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வந்தா போடுற அதே மக்னீசியம் சல்ஃபேட். அதை லாஸ் ஏஞ்சலிஸ்ல ஆம்புலன்ஸ்லயே, ரெண்டு மணி நேரத்துக்குள்ள, 1,700 பேரை வச்சுச் சோதிச்சாங்க. 2015-ல முடிவு வந்துச்சு. போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. பக்கவாதத்துக்குன்னு சோதனைச் சாலையிலயும் மனுசங்ககிட்டயும் பரிசோதிச்ச சிகிச்சைகளை 2006-ல ஒருத்தர் எண்ணிப் பாத்தப்பவே 1,026 இருந்துச்சு.

ஏன் தோத்துது? எனக்குப் புரிஞ்ச வரைக்கும் காரணம் ரொம்ப எளிமையானது. மருந்து ரத்தத்துல போகணும், ரத்தம்தானே அங்கே போகல. குளூட்டமேட் வெள்ளம் முதல் நிமிஷங்களிலேயே எழும்பிரும், நாம போய்ச் சேரும்போது அது வேலையை முடிச்சிருக்கும். இன்னொண்ணு, முழு மூளையிலயும் குளூட்டமேட்டை அடைச்சா நல்லா இருக்கிற பகுதியும் நின்னுபோகும். ஆபரேஷன் தியேட்டர்ல கெட்டமைன் போட்டுக்கிட்டவங்க கண்டபடி உளறி, பறக்கிற மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. கெட்டமைன் செய்யுறதும் இதே என்.எம்.டி.ஏ. மதகை அடைக்கிறதுதான்.

தலைக்காயத்துலயும் இப்படி ஒரு பாடம் உண்டு. வீக்கம் குறையட்டும்னு பல வருசமா ஸ்டீராய்டு போட்டுக்கிட்டிருந்தோம். 10,008 பேரை வச்சு ஒழுங்கா ஒரு சோதனை பண்ணி 2004-ல முடிவு வந்தப்ப, ஸ்டீராய்டு போட்டவங்கதான் அதிகமா இறந்திருந்தாங்க. நல்லது செய்யுறோம்னு நினைச்சுக் கொன்னுக்கிட்டிருந்திருக்கோம். இதைச் சொல்ல மருத்துவத்துறை வெக்கப்படக் கூடாது.

அதனால இன்னைக்கு நம்ம கையில இருக்கிறது குளூட்டமேட்டை அடைக்கிற மருந்து இல்ல. மறுபடியும் கரண்ட் கொடுக்கிறது மட்டும்தான். அடைப்பைக் கரைக்கிற ஊசி, நாலரை மணி நேரத்துக்குள்ள. பெரிய குழாய்ல அடைப்புன்னா தொடை வழியா குழாய் விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கிற சிகிச்சை, பொறுக்கி எடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும் கூட. ரத்தம் வந்துட்டா மோட்டார் ஓடும், ஆஸ்ட்ரோசைட் துடைக்க ஆரம்பிக்கும். அது துடைக்கிற மாதிரி துடைக்க நம்மகிட்ட எந்த மருந்தும் இல்ல.

சங்கரன்கோவில்லிருந்து திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 55 கிலோமீட்டர். பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் தாண்டிப் போகணும். ஆறரைக்குத் தெரிஞ்சு ஏழு மணிக்கு வண்டி ஏறினா, எட்டரைக்குள்ள ஸ்கேன் மேசையில இருக்கலாம். அந்த அம்மா அஞ்சு மணிக்குக் கோலம் போட்டிருக்காங்க, அதாவது கடைசியா நல்லா இருந்த நேரம் தெரியும். ஊசி போடுறதா வேண்டாமான்னு டாக்டர் கணக்குப் போடுறது அந்த நேரத்தை வச்சுத்தான். அதைத் துல்லியமாச் சொல்லுங்க. தூங்கி எந்திரிக்கும்போதே கை வரலன்னா, படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்க.

முகம் கோணுது, கை தூக்கினா விழுது, பேச்சு குழறுது. இதுல ஒண்ணு திடீர்னு வந்தாலும் போதும், ரெண்டாவது வரட்டும்னு காத்திருக்காதீங்க. வாய்க்குள்ள எதுவும் போடாதீங்க. தண்ணி, காப்பி, மாத்திரை எதுவும் வேண்டாம், விழுங்குற சக்தி போயிருந்தா நேரா நுரையீரலுக்குப் போகும். மாரடைப்புக்குன்னு வீட்டுல வச்சிருக்கிற ஆஸ்பிரினும் வேண்டாம், கசிவா இருந்தா இன்னும் கசியும். கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைப் பூசணும்னா பூசுங்க. எங்க அம்மாவும் பூசுவாங்க, நெத்தியில பூச ரெண்டு வினாடிதான் ஆகும், அதை ஆம்புலன்ஸ்ல போய்க்கிட்டே செய்யலாம். வாயில மட்டும் போட்டுடாதீங்க. புறாவை விட்டுடுங்க, பாவம்.

என் கிளினிக்குக்கும் வராதீங்க. உண்மையாத்தான் சொல்றேன். என்கிட்ட ஸ்கேன் இல்ல, அந்த ஊசியும் இல்ல. என்கிட்ட வந்தா அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான். 108-ல கூப்பிட்டு "பக்கவாதம்"ங்கிற வார்த்தையைச் சொல்லி, நேரத்தைச் சொல்லி, ஸ்கேன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கே போகணும்னு கேளுங்க.

நேத்து ராத்திரி அந்த மகன் வந்தாரு. அம்மா இன்னும் திருநெல்வேலியில வார்டுல இருக்காங்க. ஸ்கேன் எடுத்தப்பவே அந்தப் பகுதி முழுக்கப் பாதிச்சு முடிஞ்சிருந்ததால ஊசியும் போட முடியல, கட்டியை எடுக்கவும் முடியல. உயிருக்கு ஆபத்து இல்ல. அவர் வந்தது வேற விஷயத்துக்கு. உறவுக்காரர் ஒருத்தர் சொன்னாராம், வெளியில மூளைக்குச் சத்து ஊசி இருக்கு, பத்து நாள் போட்டா பேச்சு வந்துரும்னு. ரெண்டு தறியில ஒண்ணை வித்துடலாமான்னு கேக்க வந்திருக்காரு.

வேண்டாம்னு சொன்னேன். சிட்டிகோலின்னு அந்த மருந்துக்குப் பேரு. 2,298 பேரை வச்சுச் சோதிச்சு 2012-ல முடிவு சொல்லிட்டாங்க, போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் 90 நாள் கழிச்சு வித்தியாசம் இல்ல. பன்றி மூளையிலிருந்து எடுக்கிற விலை கூடின ஊசியும் ஒண்ணு உண்டு, அதுக்காகவும் தறியை விக்க வேண்டாம். செத்த செல்லுக்குச் சத்து கொடுத்து என்ன பண்ண? இருக்கிற பணத்தை இயன்முறைப் பயிற்சிக்கு வைங்க. ஒரு ஆளு தினமும் வீட்டுக்கு வந்து கையையும் காலையும் அசைச்சு, நிக்க வச்சு, நடக்கப் பழக்கணும். முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம். பேசச் சொல்லி அவங்களைத் தினமும் தூண்டுங்க, ஒரு எழுத்தா இருந்தாலும் பரவாயில்ல. மூளை புதுசாக் கத்துக்கிறதுக்கும் அந்தக் குளூட்டமேட்தான் வேணும்.

எல்லாம் சொல்லி முடிச்சப்ப மணி ஒன்பதரை. கடைசி ஆளும் போயிட்டாங்க. அவரும் எந்திரிச்சு வாசல் வரைக்கும் போனாரு. செருப்பை மாட்டிக்கிட்டே திரும்பி, "அப்ப அன்னைக்கு ஆறரைக்கே நான்..."ன்னு ஆரம்பிச்சாரு. முடிக்கல.

உள்ளே வந்து உக்காருங்கன்னு சொன்னேன். எங்க அப்பா கதையை அவருக்குச் சொன்னேன்.